கவச வாகனம் குண்டு படாமலே எரிவது ஏன்? வெட்டு மெசின் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு பதில்

கேள்வி மட்டக்களப்பின் வெல்லாவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டது. சுருக்கம் இதுதான்: "சண்டை ஒன்றும் இல்லாமல், பயிற்சியிலும் அணிவகுப்பிலும் போகும்போதே பழைய இராணுவக் கவச வாகனங்கள் எரிகிற காட்சிகளைப் பார்க்கிறேன். அவ்வளவு தடித்த இரும்பு எப்படித் தீப்பிடிக்கும்? எங்கள் வீட்டில் நிற்கிற பழைய நெல் வெட்டு மெசினுக்கும் இந்த ஆபத்து இருக்கிறதா?"

இருக்கிறது தம்பி. பெரும்பாலும் அதே இடங்களில், அதே காரணங்களால். கவச வாகனத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன், மெசின் பிறகு தானாக விளங்கும்.

ஒரு சின்னத் திருத்தம். எல்லாக் கவச வாகனமும் இரும்பு இல்லை. 1960இல் உற்பத்தி தொடங்கி இன்றும் பல நாடுகளில் ஓடுகிற அமெரிக்க எம் 113 அலுமினியக் கலப்புலோகத் தகட்டால் ஆனது. 600 பாகை செல்சியஸை அண்டும்போது அது உருகத் தொடங்கும். முழுதாக எரிந்த எம் 113இன் படங்களைப் பார்த்தால் மேல்பாதி காணாமல் போயிருக்கும். செயினும் சில்லும் எஞ்சினும் உறைந்த உலோகக் குட்டைக்குள் கிடக்கும். உருக்குத் தகட்டு வண்டி எரிந்தால் கூடு மட்டும் நிற்கும். எரிவது தகட்டுக்குள் நிற்கிற சாமான்கள்: டீசல், எஞ்சின் ஓயில், ஹைட்ரோலிக் ஓயில், வயரின் உறை, றப்பர், சீற்றுப் பஞ்சு, கடைசியாக வெடிமருந்து.

லொறி ஒன்று ஓயில் கசிந்தால் காலையில் முற்றத்தில் கறை தெரியும். வீட்டுக்காரியே சொல்லிவிடுவா. கவச வாகனத்தில் அது நடக்காது. அடித்தகடு முழுக்க மூடிய தொட்டி. நிலக்கண்ணிக்கும் தண்ணீருக்கும் தாங்குவதற்காக அப்படிக் கட்டியது. கசிகிற ஒவ்வொரு சொட்டும் உள்ளேயே தங்கும். நொடிக்கு ஒரு சொட்டு என்று வையுங்கள். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லிலீற்றர். மணிக்கு 180 மில்லிலீற்றர், ஒரு நாளில் 4 லீற்றருக்கு மேல். எஞ்சின் ஓடும்போது மட்டும் கசிந்தாலும் ஒரு வாரப் பயிற்சியில் ஒரு கான் நிறைய டீசல் காலுக்குக் கீழே நிற்கும், தரைத்தகடுகள் மேலே மூடியிருப்பதால் யார் கண்ணிலும் படாமல். குண்டைத் தடுக்கப் போட்ட தகடு குறையையும் மறைக்கிறது. பழைய கவச வாகனத் தீயைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அடித்தகட்டில் நிற்கும் டீசல் மேல் எரிகிற தீக்குச்சியைப் போட்டாலும் சில வேளை அணைந்துவிடும். டீசலின் தீப்பற்றுநிலை, அதாவது சுடர் பட்டால் பற்றுகிற அளவுக்கு ஆவி வரும் வெப்பநிலை, 55, 60 பாகையளவில். சாதாரண வெப்பத்தில் போதிய ஆவி வராது. அதே டீசலில் ஒரு பழந்துணி ஊறிக் கிடந்தால் கதை வேறு. குத்துவிளக்கில் எண்ணெயை நேரே கொளுத்த முடியாது, திரியைக் கொளுத்தலாம் அல்லவா, அதுதான் இது. துடைத்துவிட்டுப் போட்ட துணி, மட்டைத்துண்டு, காய்ந்த இலை, சாக்குத் துண்டு எல்லாம் திரி. இராணுவப் பட்டறைகளில் அடித்தகட்டைத் துப்புரவாக்குவதை ஒரு வேலையாகவே எழுதி வைத்திருப்பது அழகுக்காக இல்லை.

அடுத்தது சூடு. பெற்றோலுக்குப் பொறி வேண்டும். டீசலுக்கு அதுவும் வேண்டாம். டீசல் தானாகப் பற்றுகிற வெப்பநிலை 210 முதல் 250 பாகைக்குள். இது பெற்றோலைவிடக் குறைவு என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பாரம் இழுக்கும் எஞ்சினின் எரிபுகையை வெளியே கொண்டுபோகிற எக்சோஸ்ட் மனிபோல்ட்டும், அந்தப் புகையின் விசையில் காற்றைத் தள்ளுகிற டேர்போவின் உடம்பும் 500 பாகையைத் தாண்டும். காற்று வீசுகிற திறந்த இடத்தில், சூடான இரும்பில் விழுகிற டீசல் பற்றுவதற்கு முன் ஆவியாகிப் பறந்துவிடலாம். அதனால் 250 பாகை இரும்பில் விழுந்தவுடன் எரியும் என்று கணக்குப் போட முடியாது. ஆனால் 500 பாகை இரும்பில், மூடிய எஞ்சின் அறையில், பீச்சுகிற சிறு துளியாக விழுந்தால் எரியாமல் விடாது.

இங்கே ஒரு நுணுக்கம். எஞ்சினை நிற்பாட்டிய பிறகுதான் பல தீ தொடங்குகிறது. ஓடும்போது ஃபேன் காற்றை இழுத்து அறையைக் குளிர வைக்கும். நிற்பாட்டியவுடன் காற்றும் நிற்கும், மனிபோல்ட்டின் சூடு அறைக்குள் அடைபடும், கசிந்து நிற்கிற டீசல் ஆவியும் வெளியே போகாது. சாரதி இறங்கித் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் புகை கிளம்புவது இதனால்தான்.

கசிவு எங்கே தொடங்கும்? பெரிய குழாயில் தொடங்குவது குறைவு. எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டர்களின் தலையிலிருந்து மிச்ச டீசலைத் திருப்பிக் கொண்டுபோகிற மெல்லிய றிட்டேன் ஓஸ், உள்விட்டம் மூன்று, மூன்றரை மில்லிமீற்றர். சூட்டில் காய்ந்து முதலில் வெடிப்பது அதுதான். பல எஞ்சின்களில் அது மனிபோல்ட்டுக்கு மேலேயே ஓடும். அடுத்தது பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகிற உருக்குக் குழாய். அது பழசானதால் உடைவதில்லை, அதிர்வினால் உடைகிறது. இரண்டு மூன்று குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கிற சின்னக் கிளிப்பை யாரோ வேலை செய்யும்போது கழற்றி, திருப்பிப் போடாமல் விட்டிருப்பார். ஒரு கிளிப்தானே என்று தோன்றும். அது இல்லாவிட்டால் குழாய் நடுங்கி நடுங்கி நட்டின் கழுத்தில் மயிரிழை வெடிப்பு விழும். அங்கிருந்து டீசல் சொட்டாது, புகை மாதிரிப் பீச்சும்.

ஹைட்ரோலிக் ஓயிலுக்கும் இதே விதி. போத்தலில் இருக்கும்போது 200 பாகைக்குச் சூடாக்கினால்தான் பற்றும் ஓயில், ஊசித்துளை வழியாக 150, 200 பார் அழுத்தத்தில் பனிப்புகையாக வந்தால் அறை வெப்பத்திலேயே ஒரு சுடரில் பற்றிக்கொள்ளும். 1973ஆம் ஆண்டுப் போரில் இஸ்ரேலின் எம் 48, எம் 60 டாங்கிகள் பட்ட பாடு இது. பீரங்கிக் கோபுரத்தைத் திருப்புகிற ஹைட்ரோலிக்கில் அப்போது ஊற்றிய சிவப்பு ஓயிலின் தீப்பற்றுநிலை 80 பாகையை ஒட்டியது. குழாய் அறுந்தவுடன் கோபுரம் முழுக்கத் தீ. அதன் பிறகே அமெரிக்கா 200 பாகைக்கு மேல் தீப்பற்றுநிலை உள்ள ஓயிலுக்கு மாறியது. அந்த ஓயிலும் எரியும். கொஞ்சம் அடம்பிடித்து எரியும், அவ்வளவுதான்.

றப்பர் ஓஸுக்கு வயது உண்டு என்பதை எங்கள் ஊரில் யாரும் கணக்கெடுப்பதில்லை. ஜேர்மன் தரவிதி ஒன்று ஹைட்ரோலிக் ஓஸுக்கு ஆறு வருடம் என்று எல்லை வைக்கிறது, அதிலும் கடையில் கிடந்த காலம் இரண்டு வருடத்தைத் தாண்டக்கூடாது. ஓஸின் முதுகில் உற்பத்திக் காலம் அச்சடித்திருக்கும், பெரும்பாலும் காலாண்டும் வருடமும். ஓடாமல் நின்ற வண்டியின் ஓஸ் நல்லது என்று நினைப்பதும் பிழை. நின்றுகொண்டே காயும், மடிந்த இடத்தில் வெடிக்கும். கந்தகம் குறைந்த டீசலுக்கு மாறும்போது பழைய நைற்றைல் றப்பர் சீல்கள் கசியத் தொடங்குவதும் இந்த வகைதான். வருடக்கணக்காகப் பழைய டீசலில் ஊறிப் பருத்த சீல், புது டீசலில் சற்றுச் சுருங்கும்; காய்ந்து விறைத்த றப்பர் அந்த இடைவெளியை நிரப்பாது. புது சீல் போட்டால் தீர்ந்தது.

எம் 113இன் ஆரம்ப வண்டிகளுக்குப் பெற்றோல் எஞ்சின். 1964இல் வந்த ஏ1 வகைக்கு டிற்றொய்ட் டீசலின் 6வி53, 212 குதிரைவலு. இது இரட்டை அடிப்பு (டூ ஸ்ட்ரோக்) டீசல். காற்றை ஒரு புளோவர் தள்ளும். இதற்கென்று இரண்டு நோய் உண்டு. இன்ஜெக்டருக்கு டீசல் கொண்டுபோகிற சின்ன இணைப்புக் குழாய்கள் வால்வ் மூடிக்கு உள்ளே இருக்கின்றன. அவை கசிந்தால் டீசல் வெளியே தெரியாது, எஞ்சின் ஓயிலோடு கலக்கும். ஓயில் குச்சியைப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டு போகும், மணத்திலும் டீசல் தெரியும். ஓயில் கூடுகிறதென்று சந்தோசப்படுகிற சாரதி நாளைக்கு பெயரிங்கை உருக்குவார். மற்றது, புளோவரின் சீல் போய்விட்டால் எஞ்சின் தன் ஓயிலையே உறிஞ்சி எரிக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். அந்த நேரம் காற்று வழியை அடைக்க வேண்டும், டீசலை அடைத்துப் பயனில்லை. அவசர அடைப்பு மூடி உள்ள எஞ்சின்களில், அது துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறதா என்று மாதம் ஒரு முறை கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

அதே ஏ1 வகையில் டீசல் தாங்கி ஆட்கள் இருக்கும் அறைக்குள், பின்பக்கம் இடது மூலையில். எஞ்சின் முன்னால் வலப்பக்கம், சாரதிக்கு அருகே. நடுவே எரிபொருள் குழாய். பிறகு வந்த ஏ3 வகையில் தாங்கியை வெளியே எடுத்து, பின்கதவின் இரு பக்கமும் கவசப் பெட்டிகளாக வைத்தார்கள். ஆட்களோடு டீசலை வைத்ததற்கான விலையைக் கொடுத்த பிறகு வந்த புத்தி. சோவியத் பிஎம்பி-1 இன்னும் மோசம்: பின்கதவுகளின் உட்குழியே டீசல் தாங்கி. தப்பி ஓட வேண்டிய வழியிலேயே எரிபொருள். இலங்கை இராணுவமும் வைத்திருக்கிற வண்டி இது.

எங்கள் பக்கத்தில் பவள் என்று சொல்லிப் பழகிய தென்னாபிரிக்க பஃபல், இந்த ஒரு விடயத்தில் நல்ல வண்டி. யூனிமொக் லொறியின் அடிச்சட்டம், மெர்சிடிஸ் பென்ஸ் ஓஎம் 352 எஞ்சின். எஞ்சின் ஆட்கள் இருக்கிற பெட்டிக்கு வெளியே நிற்கிறது. கசிந்தால் றோட்டில் விழும், எரிந்தால் ஆட்கள் குதிக்க நேரமிருக்கும். அதன் பயம் வேறு: சில்லு. இறுகிய பிரேக் தேய்ந்து தேய்ந்து ட்ரம்மைச் சிவக்க வைத்தால் டயர் பற்றும். டயர்த் தீயைத் தூள் போட்டு அணைத்தால் இரண்டு நிமிடத்தில் மறுபடி எரியும், ஏனென்றால் றப்பரின் உள்ளே சூடு அப்படியே இருக்கிறது. நிறையத் தண்ணீர் வேண்டும். சில்லுக்கு நேர் பக்கவாட்டில் நிற்கக் கூடாது, வெடித்தால் றிம் பாயும். முன்னாலோ பின்னாலோ தள்ளி நின்று அடிக்க வேண்டும்.

பெற்றோல் கவச வாகனங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவை போய்க்கொண்டிருக்கின்றன. பிரித்தானிய சலாடின், சரசென் இரண்டுக்கும் றோல்ஸ் றொய்ஸ் பி80 பெற்றோல் எஞ்சின். சோவியத் பிடிஆர்-60, 70 வண்டிகளுக்கு இரண்டு பெற்றோல் எஞ்சின்கள். பிடிஆர்-80க்கு வரும்போது அதைத் தூக்கி எறிந்து ஒரே டீசல் எஞ்சினாக்கினார்கள். சலாடினின் வேறொரு குணம் தீயோடு சேராவிட்டாலும் சொல்லத் தக்கது. அதில் ஒரு பக்கத்து மூன்று சில்லும் ஒரே தண்டில் பூட்டியிருக்கும், அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரென்ஷல் இடையில் கிடையாது. தார் றோட்டில் நெடுந்தூரம் ஓட்டினால், காற்றுக் குறைந்த சில்லும் நிறைந்த சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்றப் பார்த்து, தண்டுகளுக்குள் முறுக்கு ஏறும். மணலில் என்றால் சில்லு வழுக்கி அந்த முறுக்கு இறங்கிவிடும். தாரில் இறங்காது, கியர்ப்பெட்டி சூடேறும், மூட்டு உடையும். அணிவகுப்பில் தேருக்குப் போன மாடு மாதிரி நடுவழியில் நிற்பதற்கு இது ஒரு காரணம். ஆறு டயரும் ஒரே தேய்மானத்தில், ஒரே காற்றழுத்தத்தில் இருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

மின்சாரம். இந்த வண்டிகள் 24 வோல்ட். ஒரு மூட்டில் கறளோ பச்சை உப்போ ஏறி 0.05 ஓம் தடை வந்தால் ஒன்றும் தெரியாது, லைட் எரியும். ஆனால் ஸ்டார்ட்டர் இழுக்கிற கம்பியில் 100 அம்பியர் ஓடும்போது அந்த ஒரு மூட்டில் மட்டும் 500 வொட் சூடு, சட்டை மினுக்குகிற அயனில் பாதி அளவுக்கு. அருகே ஓயில் பூசிய வயரின் உறை இருந்தால் போதும். இதைக் கண்டுபிடிக்க மூட்டைக் கழற்ற வேண்டாம். மீற்றரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பற்றரியின் ஈயத் தலையில், மறுமுனை ஸ்டார்ட்டரின் போல்ட்டில் வைத்துக்கொண்டு, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ கெட்ட மூட்டு இருக்கிறது. ஏர்த் பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள், அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். பற்றரி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வரும். காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே வெடிக்கும். பற்றரிப் பெட்டியின் காற்றுத் துளையை அடைத்து மேலே சாக்கு மூட்டை வைப்பது எல்லா நாட்டுப் பட்டறையிலும் நடக்கிற பிழை.

இயந்திரக் கோளாறு தீயாக முடியாமல் தண்ணீரில் முடிந்த ஒன்றும் உண்டு. 2020 ஜூலை 30, கலிபோர்னியாவின் சான் கிளமென்ரி தீவுக்கருகே அமெரிக்க மரைன் படையின், தண்ணீரிலும் ஓடுகிற ஏஏவி-7 கவச வண்டி மூழ்கியதில் 9 பேர் இறந்தார்கள். அந்த வகை வண்டி 1970களின் தொடக்கத்தில் சேவைக்கு வந்தது. விசாரணையில் வெளிவந்தவை தனித்தனியே பார்த்தால் சில்லறை: கியர்ப்பெட்டி ஓயில் கசிந்து இயக்கம் போனது, தண்ணீர் புகக்கூடிய இடங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தது, உள்ளே அவசர விளக்கு எரியாதது, தண்ணீர் காலுக்கு வந்தபோதே ஆட்களை இறக்காதது. ஒரு குறை மட்டும் என்றால் வண்டி கரைக்கு வந்திருக்கும். இதற்கு வயதை மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை. 2022 டிசம்பரில் ஜேர்மனியின் பூமா கவச வண்டிகள் 18ஐப் பயிற்சிக்கு எடுத்தார்கள், 18உம் கோளாறாகி நின்றன. அவை புதியவை.

தீயை அணைக்கிற ஏற்பாட்டுக்கு வருவோம். நவீன கவச வாகனத்தில் ஒளி உணரி சில மில்லிசெக்கனில் சுடரைக் கண்டு, கால் செக்கனுக்குள் வாயுவை அடித்து அணைத்துவிடும். பழையதில் சாரதி ஒரு பிடியை இழுத்துக் காபனீரொட்சைட்டை எஞ்சின் அறைக்குள் விட வேண்டும். நெடுங்காலம் ஹேலன் 1301 என்ற வாயுதான் ராசா. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மொன்றியல் உடன்பாட்டின்படி வளர்ந்த நாடுகளில் 1994 தொடக்கத்தோடு அதன் உற்பத்தி நின்றது. இப்போது வேறு வாயுவோடு சோடியம் பைகாபனேற்றுத் தூளைச் சேர்த்து அடிக்கிறார்கள். பழைய வண்டிகளில் நடப்பது என்னவென்றால், சிலிண்டர் வெறுமையாகி அழுத்தமானி சிவப்பில் நிற்கும், நிரப்ப வாயு கிடைக்காது, வண்டி ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவரைக் கொல்வது பெரும்பாலும் புகை. வயர் உறையும் றப்பரும் எரிகிற புகையை இரண்டு மூன்று மூச்சு இழுத்தால் கதவைத் தேடுகிற நினைவே போய்விடும். அதனால் பின்கதவின் கொளுக்கியும் பிணைச்சலும் கிறீஸ் போட்டு, ஒரு கையால் திறக்கிற நிலையில் இருக்க வேண்டும்.

இனி உங்கள் மெசின்.

வெட்டு மெசினில் மேலே சொன்ன எல்லாம் இருக்கிறது; கூடுதலாக எரிபொருளை அதுவே உற்பத்தி செய்கிறது. சப்பியும் வைக்கல் தூசும்தான் அந்த எரிபொருள். பெரும்போகத்தில், மாசி பங்குனியில் வெட்டும்போது நிலத்தில் ஈரம் இருக்கும். சிறுபோக வெட்டில் கச்சான் காற்று அடிக்கும். தூசு முறுகிய பப்படம் மாதிரிக் காய்ந்திருக்கும். அது டேர்போவுக்குப் பின்னால், மனிபோல்ட்டின் மடிப்பில், சைலன்சரின் மேல் படியும். ஓயில் கசிவு அதை ஊற வைத்தால் அது தானாகவே தணலாகும். சுடர் தெரியாது, மெல்லிய புகையும் கருகிய மணமும் மட்டும். மனிபோல்ட்டைச் சுற்றிய துணிப்பட்டியில் ஓயில் ஊறினாலும் இதே. அந்தப் பட்டியைக் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

வெட்டுக் காலத்தில் நாளுக்கு மூன்று தடவை, காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, பொழுது படும்போது ஒருமுறை, எஞ்சினைச் சுற்றித் தூசை ஊதுங்கள். தூசு ஊதுகிற கைப்புளோவர் இல்லாவிட்டால் தும்புத்தடியும் பழைய பெயின்ற் பிரஷும் போதும். எஞ்சின் ஆறிய பிறகு செய்ய வேண்டிய வேலை இது. றேடியேற்றர் வலையை வயலுக்கு வயல் தட்டுங்கள். அடைபட்டால் சூடேறும், சூடேறினால் மற்றதெல்லாம் பின்னால் வரும். நிற்பாட்ட முன் மூன்று முதல் ஐந்து நிமிடம் வெறும் ஓட்டத்தில் விடுங்கள். நிற்பாட்டிய பின் கால் மணித்தியாலம் மெசினைக் கண்காணிக்கிற தூரத்தில் நில்லுங்கள். வைக்கல் குவியலுக்கு மேல், காய்ந்த புல்லுக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள்.

ஊசித்துளைக் கசிவைத் தேடும்போது விரலால் தடவக் கூடாது. 150 பார் ஓயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிவந்த புள்ளி மாதிரித்தான் தெரியும், ஆனால் ஒரு நாளில் விரலை வெட்டி எடுக்க வேண்டி வரலாம். காட்போட் மட்டைத் துண்டை ஓஸின் அருகே பிடித்துக்கொண்டு போங்கள், பீச்சுகிற இடத்தில் மட்டை நனையும். தோலில் பட்டுவிட்டால் நோகாவிட்டாலும் உடனேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்த ஓயில் உள்ளே போனது" என்று சொல்லுங்கள்.

போகத்துக்குப் போகம் மெசின் கொட்டிலில் நிற்கிற மாதங்கள்தான் எலிக்குக் கொண்டாட்டம். வயர் உறையைக் கடிக்கும், வைக்கலைக் கொண்டுபோய் எஞ்சினுக்குள் கூடு கட்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் மூடிகளைக் கழற்றிக் கூட்டை எடுங்கள். பியூஸ் பெட்டியிலிருந்து ஓடுகிற வயரைக் கண்ணால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். நிறுத்தி வைக்கிற காலம் முழுக்கப் பற்றரியின் நெகற்றிவ் கம்பியைக் கழற்றி வையுங்கள். களுதாவளை, கல்லாறு மாதிரிக் கடலை அண்டிய இடத்தில் நிறுத்துகிறவர்கள் பற்றரித் தலைகளில் கிறீஸ் பூச வேண்டும். உப்புக் காற்றில் ஆறு மாதத்தில் பச்சை பிடித்துவிடும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே எடுங்கள். பியூஸ் போவது கோளாறு இல்லை, கோளாறைச் சொல்கிற வாய் அதுதான்.

வெல்டிங். கராஜில் நடக்கிற தீயில் கணிசமானது இதிலிருந்து. ஒட்ட முன் பற்றரிக் கம்பியையும் ஓல்ற்றனேற்றர் கம்பியையும் கழற்றுங்கள், ஏர்த் கிளிப்பை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பூட்டுங்கள், பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய டீசல் தாங்கி வெறுமையாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்து ஒட்டி இறந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. வெறும் தாங்கிக்குள் ஆவி இருக்கிறது. பலமுறை கழுவி, ஒட்டுகிற இடம் மட்டும் தப்ப மிச்சத்தைத் தண்ணீரால் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்துத்தான் தொட வேண்டும். முடிந்தால் தொடாமல் புதுத் தாங்கி போடுவது மலிவு.

அணைக்கிற சாமான்: 6 அல்லது 9 கிலோ ஏபிசி தூள் சிலிண்டர் ஒன்று, ஏணியில் ஏறாமல் நிலத்தில் நின்றே எடுக்கிற இடத்தில். மெசின் அதிர்வில் தூள் அடியில் இறுகிவிடும். மாதம் ஒரு தரம் தலைகீழாகப் பிடித்து அடியில் றப்பர் சுத்தியலால் தட்டுங்கள், முள் பச்சையில் நிற்கிறதா பாருங்கள். அதோடு 20 லீற்றர்த் தண்ணீர் கான் இரண்டு. தூள் சுடரை அணைக்கும், சப்பிக்குள் இருக்கிற தணலை அணைக்காது, அதற்குத் தண்ணீர்தான். பற்றிக்கொண்டால் முதலில் எஞ்சினை நிற்பாட்டி, மாஸ்டர் சுவிட்சை அணைத்து, காற்று வருகிற பக்கத்தால் இறங்குங்கள். பயிருக்குள் நிற்கிறதென்றால், தீ சின்னதாக இருக்கும்போது மட்டும் வெட்டிய பக்கம் திருப்பிவிட்டு நிற்பாட்டலாம். மூடியை அகலத் திறக்காதீர்கள், காற்றுப் போனால் குப்பென்று எழும்பும். ஒரு விரல் இடைவெளியில் தூள் சிலிண்டரின் வாயை வைத்துத் தீயின் அடிக்கு அடியுங்கள். ஒரு சிலிண்டர் ஓடுவது 15 முதல் 25 செக்கன்தான். அது முடிந்தும் அணையாவிட்டால் மெசினை விட்டுவிட்டு அடுத்த வயலைக் காப்பாற்றப் பாருங்கள். மட்டக்களப்பு மாநகர சபையின் தீயணைப்பு வண்டி வாவியைத் தாண்டி, அதன் மேற்குக் கரையான படுவான்கரைக்கு வந்தாலும் வரம்பால் இறங்க முடியாது.

கடைசியாக, பழைய மெசின் வாங்குகிற யோசனை இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். எஞ்சினைப் புதிதாகக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தால் அன்றைக்கு விலை பேச வேண்டாம். ஒரு மணித்தியாலம் பாரத்தில் ஓடவிட்டு நிற்பாட்டச் சொல்லுங்கள், பத்து நிமிடம் பொறுத்து, டோர்ச் அடித்து சீற்றுக்குக் கீழேயும் டேர்போவுக்குப் பின்னாலும் பாருங்கள், பிறகு மட்டைத் துண்டை எடுங்கள்.